கல்லுக்கு ஒரு குவளை தண்ணீர்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் வக்கீலம்மா. எனக்குக் காற்று பட்டால் காது குத்தும். பையா? அது காலுக்கடியிலேயே இருக்கட்டும். பார்த்து, இடித்துக்கொள்ளாதீர்கள், உள்ளே கல் இருக்கிறது. ஆமாம், கல்தான். அம்மிக்கல் உடைசல். கண்டக்டர்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கல்லுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?” என்று கேட்டான். சிரிக்கட்டும். ஊரே சிரித்தாகிவிட்டது, இவன் ஒருத்தன் பாக்கி.

இந்தாருங்கள், கொய்யாப்பழம். ஆயக்குடிப் பழம், உள்ளே சிவப்பாக இருக்கும். பாதியாவது வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வத்தலக்குண்டு போகிற வரைக்கும் என் மனசு அதையே நினைத்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு மனசு எனக்கு. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன், இரண்டு தடவை.

மடியில் கறுப்புக் கோட்டை மடித்து வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் வந்து உட்கார்ந்தேன். பின்னால் இடம் இல்லாமல் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனால் முழுக்கச் சொன்ன பிறகுதான் கேட்பேன். பாதியைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அது என் கொள்கை. நானும் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் இருக்கிறவள்தான்.

என் பெயர் தவமணி. காளாங்கரை அம்மன் கோயில் வாசலில் பூ விற்கிறேன். கோயிலைச் சுற்றி நாங்கள் அறுபத்து நான்கு பெண்கள். எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வருஷா வருஷம் தை மாதம் தேர்தல். தலைவிக்கு வேலை என்ன என்றால், வழக்குத் தீர்ப்பதுதான். நீ என் வாடிக்கையைக் கூப்பிட்டாய், உன் சாக்கு என் பக்கம் ஒரு சாண் வந்துவிட்டது, இப்படித் தினமும் வரும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடை சாத்தின பிறகு, தேர் நிறுத்துகிற கொட்டகையில் உட்கார்ந்து பேசுவோம். தலைவிக்கு ஒரு நாற்காலி. கை வைத்த நாற்காலி. மற்றவர்கள் தரையில்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்திலும் தரைதான், கல்யாணத்துக்குப் பிறகும் தரைதான், வியாபாரமும் தரையில்தான். ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாகக் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் நாள் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இரண்டாவது வாரம் தெரிந்துவிட்டது.

வந்த உடனே முழப் பிரச்சினையைத் தீர்த்தேன். ஒருத்திக்குக் கை நீளம், ஒருத்திக்குக் கட்டை. நீளக்கைக்காரியிடமே எல்லாரும் பூ வாங்குகிறார்கள் என்று சண்டை. நான் ஒரே வார்த்தை சொன்னேன். “இனிமே தலைவியோட முழம்தான் சங்கத்து முழம்.” எல்லாருக்கும் சமம். என் கை கொஞ்சம் கட்டைதான். அதற்கு நான் என்ன செய்ய முடியும், கடவுள் கொடுத்தது.

சரி, பஞ்சவர்ணத்துக்கு வருகிறேன்.

பஞ்சவர்ணம் எனக்குப் பக்கத்துச் சாக்கு. பதினாறு வருஷம். கிழக்கு வாசல் வேப்பமர நிழலில் அவள் இடம். கோயிலுக்குள் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் கூடையைத்தான். நான் தேர்தலுக்கு நின்றபோது எல்லாம் அவள்தான் செய்தாள். அவள் மருமகனுடைய குட்டியானை வண்டியில் மைக் கட்டி இரண்டு நாள் சுற்றினோம். அவள் வீட்டு வாசலில்தான் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. மேடையில் ஏறும்போது நான் கட்டியிருந்த பச்சைப் பட்டுகூட அவளுடையதுதான். ஓட்டுப் போடுகிற அன்று காலையில் ஒவ்வொருத்தி கையிலும் ஒரு முழம் மல்லிகை கொடுத்தாள். பூக்காரிகளுக்கே பூ கொடுத்து ஓட்டு வாங்கினவள் அவள் ஒருத்திதான். அதுவும் அவள் முழம், நீள முழம். மூன்று ஓட்டில் ஜெயித்தேன்.

நான் எதுவும் கேட்கவில்லை, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவளாகக் கொடுத்தாள்.

தோற்றவள் குருவம்மா. வாய் என்றால் அப்படி ஒரு வாய். எண்ணி முடித்த அன்றைக்கே சொன்னாள்: “பஞ்சவர்ணம் வண்டியில ஏறித்தானே வந்தா? இனி தீர்ப்பும் அந்த வண்டியிலதான் வரும், பாருங்கடி.” அந்தப் பேச்சு என் காதில் நுழைந்தது வக்கீலம்மா. நுழைந்தது வெளியே வரவே இல்லை. ராத்திரி சோறு சாப்பிட்டால் அந்தப் பேச்சு. தலை சீவினால் அந்தப் பேச்சு. பஞ்சவர்ணம் டீ வாங்கிக் கொடுத்தால்கூட நான்கு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

இப்போது கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடை சாயாமல் முட்டுக் கொடுக்க ஆளுக்கு ஒரு கல் வைத்திருப்போம். யார் கல் எது என்று அறுபத்து நான்கு பேருக்கும் தெரியும். பிரசவம், சாவு என்று ஊருக்குப் போகிறவள் தன் கல்லை இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். கல் இருந்தால் இடம் அவளுடையது. ஆனால் சும்மா இருந்தால் போதாது. தினமும் விடிகாலையில் யாராவது அவளுக்காக அந்தக் கல்லுக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து கல் காய்ந்து கிடந்தால் இடம் போய்விடும். முன்னே ஒருத்தி கல்லை வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய் நாலு வருஷம் வரவே இல்லை. அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. உனக்காக ஒரு குவளை தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை என்றால் உனக்கு இடம் எதற்கு, இல்லையா?

சித்திரை மாதம் பஞ்சவர்ணத்தின் மகளுக்குக் கோயம்புத்தூரில் பிரசவம். நாற்பது நாள் போனாள். போகிற அன்று என்னிடம் வந்து, “அக்கா, என் கல்லுக்குத் தண்ணி” என்றாள். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. எங்களுக்குள் எதற்கு?

ஊற்றினேன். ஒரு நாள் தவறவில்லை. நான் தலைவி ஆனதிலிருந்து எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவேன். நாலரை மணிக்குக் கோயில் குழாயில் ஒரு குவளை பிடித்து, அம்மனை நினைத்துக்கொண்டு ஊற்றுவேன். அந்த நேரத்தில் வாசலில் ஒரு நாய்கூட இருக்காது. ஊற்றினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, சில நாள் இரண்டாவது தடவையும் ஊற்றியிருக்கிறேன். என் மனசு அப்படி.

முப்பத்தெட்டாம் நாள் விடிகாலையில் ஊற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பூ எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்க்கிறேன், வேப்பமரத்தடியில் குருவம்மாவின் சாக்கு. பஞ்சவர்ணத்தின் கல் சுவர் ஓரத்தில் கிடக்கிறது.

“என்ன குருவம்மா இது?”

“மூணு நாளாக் கல்லு காஞ்சு கெடக்குதுக்கா. நான் பார்த்தேன். இவளுகளும் பார்த்தாளுக.”

“எத்தனை மணிக்குப் பார்த்த?”

“ஒம்பது மணிக்கு.”

வைகாசி வெயிலில் ஒன்பது மணிக்குக் கல் காயாமல் என்ன செய்யும்? ஆறுக்கே காய்ந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். “நான் ஊத்தினேன்டி” என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ‘சொல்லு, சொல்லு, அந்த வண்டி வருதான்னு பார்க்கிறேன்’ என்று சொல்கிற பார்வை. வாயை மூடிக்கொண்டேன். “செவ்வாய்க்கிழமை பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

பஞ்சவர்ணம் திங்கள்கிழமை சாயங்காலம் வந்தாள். பேரன் பிறந்த சர்க்கரையோடு நேரே என் வீட்டுக்கு வந்தாள். விஷயம் தெரிந்ததும் சிரித்தாள். சிரித்தாள் அம்மா! “இதுல என்னக்கா வழக்கு இருக்கு? நீ ஊத்துனதானே?”

“ஊத்தினேன்.”

“அப்ப நாளைக்குச் சொல்லிரு. முடிஞ்சுது.”

“எப்படிடி சொல்றது? நான் நாற்காலியில இருக்கேன். தீர்ப்புச் சொல்றவளே சாட்சியும் சொன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? அதுவும் உனக்கு.”

“எனக்குன்னா?”

“உன் வண்டியில ஏறினவ நான்.”

அவள் சர்க்கரைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, “அப்ப நாற்காலியை விட்டு இறங்கி வந்து சொல்லுக்கா. ஒரு நாளைக்குத்தானே” என்றாள்.

இதையேதான் எஸ்தரும் சொன்னாள். எஸ்தர் எங்கள் செயலாளர். பத்தாவது வரை படித்தவள், பேப்பர் படிப்பாள். மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள். “அக்கா, இந்த வழக்குல மட்டும் நீங்க ஒதுங்கிக்கோங்க. பெரிய பெரிய ஜட்ஜே தெரிஞ்சவங்க வழக்குன்னா, எனக்கு வேணாம்னு எந்திரிச்சுப் போயிருவாங்களாம். பேப்பர்ல போட்டிருந்தான். நான் உக்காந்து கேட்கிறேன். நீங்க கீழ வந்து, பார்த்ததைச் சொல்லுங்க. யாரும் தப்புச் சொல்ல முடியாது.”

நான் கேட்டேன்: “ஏன்டி, அந்த ஜட்ஜு எந்திரிச்சா அவருக்குப் பக்கத்து ரூம்ல வேற நாற்காலி இருக்கும். எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. நான் எந்திரிச்சா நீ உக்காருவ. அப்புறம் நீ எந்திரிப்பியா?”

“ஐயோ அக்கா, நாற்காலி எனக்கு எதுக்கு? கால் தொங்குது அதுல.”

பாருங்கள், எப்போதோ உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்! இல்லாவிட்டால் கால் தொங்குவது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சுதாரித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. கீரைக்காரிகள்கூட வந்திருந்தார்கள். நான் சாதாரணப் பருத்திச் சேலை கட்டிப் போனேன். பச்சைப் பட்டை ராத்திரியே துவைத்து, காலையில் வந்த எஸ்தர் கையில் கொடுத்துப் பஞ்சவர்ணத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். பட்டைத் துவைக்கக்கூடாது என்று தெரியும். ஆனால் நியாயத்துக்கு முன்னால் பட்டு என்ன?

குருவம்மா சொன்னாள், காய்ந்த கல்லைப் பார்த்தேன் என்று. மூன்று பேர் ஆமாம் என்றார்கள். பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். அவளுக்கு முழங்கால் வலி, எழுந்து நிற்கவே ஒரு நிமிஷம் ஆகும்.

“என் கல்லுக்குத் தினமும் தண்ணி ஊத்தினாங்க.”

“யாரு ஊத்துனது?” நான்தான் கேட்டேன். கேட்க வேண்டியது முறை இல்லையா?

“தலைவிதான் ஊத்தினாங்க. தலைவியை நான் சாட்சிக்குக் கூப்பிடுறேன்.”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. குருவம்மா தொடையில் தட்டிச் சிரித்தாள். “வந்துருச்சுடி குட்டியானை! ஆரன் அடிக்குது பாரு!”

இரண்டு கையாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். “தீர்ப்புச் சொல்றவ சாட்சி சொல்லக்கூடாது. வேற யாராவது பார்த்தாங்களா?” என்று கேட்டேன்.

யார் பார்த்திருப்பார்கள், நாலரை மணிக்கு?

“வேற சாட்சி இல்ல. கல்லு காஞ்சிருக்கு. மூணு பேரு பார்த்திருக்காங்க. இடம் குருவம்மாவுக்கு.”

குருவம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் வக்கீலம்மா. அவள் சண்டை போடத்தான் தயாராக வந்திருந்தாள், ஜெயிக்கத் தயாராக வரவில்லை. பிறகு ஒருத்தி கை தட்டினாள். அப்புறம் எல்லாரும். “சோறு போட்டவளுக்கே எதிரா சொல்லிட்டாளே, இவதான்டி தலைவி!” என்றார்கள். அன்றைக்கு ராத்திரி, தேர்தலுக்குப் பிறகு முதல் தடவையாக, அந்தப் பேச்சு என் காதில் இல்லை.

பஞ்சவர்ணம் சண்டை போடவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையை எடுத்துக்கொண்டு என் நாற்காலிப் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஒரு குவளை தண்ணி ஊத்துனதை ஊத்தினேன்னு சொல்லக்கூட விடமாட்டேங்குதே அக்கா இந்த நாற்காலி” என்றாள். கல்லை எடுக்காமலே போய்விட்டாள்.

வேறு மூலையில் இடம் தருகிறேன் என்று ஆள் அனுப்பினேன். வரவில்லை. வத்தலக்குண்டில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பஸ் ஸ்டாண்டில் விற்கிறாளாம். இடம் கிடையாது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கிற ஒரு நிமிஷத்தில் ஜன்னல் ஜன்னலாக ஓடி விற்க வேண்டும். அந்த முழங்காலோடு. வெயிலில் பூவும் தாங்காது, ஆளும் தாங்காது.

ஆனால் ஒன்று, என் தீர்ப்பால் சங்கத்தில் நல்ல ஒழுங்கு வந்திருக்கிறது. இப்போது யாரும் கல்லை வைத்துவிட்டு ஊருக்குப் போவதே இல்லை. ஒருத்தி அம்மா செத்ததற்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட்டாள். எஸ்தர் மகள் பிரசவத்துக்கு எஸ்தரே போகவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு. யாரும் யார் கல்லுக்கும் தண்ணீர் ஊற்றவும் கேட்பதில்லை. கேட்டால்தானே வழக்கு?

குருவம்மாவும் மாறிவிட்டாள். மறுநாளே எனக்கு ஒரு கதம்ப மாலை போட்டாள். தினமும் காலையில் தலைக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிடுகிறாள், இதோ வைத்திருக்கிறேனே, இதுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. தேர்தலுக்கு முன்னால் கொடுத்தால்தான் அது வேறு மாதிரி. இது மரியாதை. போன வாரம் அவளுக்கு அந்தப் பக்கத்துச் சாக்குக்காரி, குருவம்மா ஒரு சாண் தள்ளி உட்கார்கிறாள் என்று வழக்குக் கொண்டுவந்தாள். நான் அளந்து பார்த்தேன். ஒரு சாண் இல்லை, முக்கால் சாண்தான். தள்ளுபடி செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு மாதிரி. இன்றைக்குக் கல்லைப் பையில் வைக்கும்போது, “என்ன, தை வருதுன்னு ஓட்டுக் கேட்கக் கிளம்பிட்டியா?” என்றார். அவளுக்கு ஏது ஓட்டு? இடம் இல்லாதவளுக்குச் சங்கத்தில் பெயர் இல்லை. அவள் பெயரை அடித்ததும் நானே போட்ட கையெழுத்துதான். மூன்று ஓட்டில் ஜெயித்தவள் நான், இப்போது இரண்டு ஓட்டு. அதைக்கூட நினைத்துப் பார்க்காமல்தான் தீர்ப்புச் சொன்னேன். இதற்கு மேல் ஒருத்தி எப்படி நடுநிலையாக இருப்பாள்?

கல்லை ஏன் எடுத்துப் போகிறேன் என்றால், அது அவளுடையது. அன்றைக்குச் சாயங்காலமே சுவர் ஓரத்தில் இருந்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். குருவம்மா அதில் கால் கழுவுவாள் என்று பயம். கொல்லைப்புறத்தில் துளசிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஆறு மாதம். துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குவளை. பழக்கம், வேறொன்றும் இல்லை. நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறதே.

நிலக்கோட்டை தாண்டிவிட்டதா? அப்படியானால் கேட்டுவிடுகிறேன். நீங்கள் சட்டம் படித்தவர்கள். நாள் முழுக்க ஜட்ஜுக்கு முன்னால் நிற்கிறவர்கள். நான் செய்தது சரிதானே? அவள் வண்டியில் ஏறினவள், அவளுக்குச் சாதகமாகச் சொன்னால் தப்பு. அதனால்தானே…

இல்லை, இருங்கள். வாயைத் திறக்காதீர்கள்.

நீங்கள் என்னிடம் கொய்யாப்பழம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். பாதி என்றாலும் பழம் பழம்தான். ஜன்னல் சீட்டும் நான் விட்டுக் கொடுத்தது. இப்போது நீங்கள் சரி என்று சொன்னால், பழத்துக்குச் சொன்ன மாதிரி ஆகும். தப்பு என்று சொன்னால், பழத்துக்காகச் சொல்லவில்லை என்று காட்டுவதற்காகச் சொன்ன மாதிரி ஆகும். இரண்டும் செல்லாது. இதில் நீங்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் முறை.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஏன் சிரிக்கிறீர்கள் அம்மா?

…

வத்தலக்குண்டு வந்துவிட்டது. கொஞ்சம் காலை நகர்த்துங்கள், பையை எடுக்க வேண்டும். அதோ, அந்தத் தேனி பஸ்ஸுக்குப் பக்கத்தில் கூடையோடு நிற்கிறாளே, அவளா என்று பாருங்கள். எனக்குத் தூரம் தெரியாது. காலை விந்தி விந்தி நடக்கிறாளா? அப்படியானால் அவள்தான்.

ஐயோ, கல்லைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து கிடக்கிறது. கிளம்புகிற அவசரத்தில் இன்றைக்கு ஊற்றவே இல்லை. உங்கள் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள். நீங்கள் ஊற்ற வேண்டாம், நான்தான் ஊற்ற வேண்டும். கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம், விசில் ஊதாதே. பஸ் நனைந்தால் நனையட்டும்.

இதோ, ஊற்றிவிட்டேன். பார்த்தீர்கள் இல்லையா? தீர்ப்பெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டாம் வக்கீலம்மா. ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டு, தவமணி தண்ணீர் ஊற்றினாள், நான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை, அது மட்டும் சொல்லுங்கள்.